பேத்தியின் டிக்டேஷனும் என் பழைய ஸ்கேலும்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தால் எங்கள் வீட்டில் ஒரு சின்னப் பதற்றம் தொற்றிக்கொள்ளும். திங்கட்கிழமை காலை பேத்திக்கு ஆங்கில டிக்டேஷன். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பத்துச் சொற்களை எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். மருமகள் அடுப்படியில் இருந்தபடியே ஒவ்வொன்றாகச் சொல்ல, இவள் கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுவாள்.

ஒரு ஞாயிறு அன்று பத்துக்கு ஆறு தப்பு. ‘செட்’ என்ற சொல்லை எஸ்-இ-டி என்று எழுதியிருந்தாள். எஸ்-ஏ-ஐ-டி என்று எழுத வேண்டும். ‘வாஸ்’ என்பதை டபிள்யூ-ஓ-இசட் என்று முடித்திருந்தாள். ‘ஒன்’ என்பது டபிள்யூ-யு-என். ‘தே’ என்பது டி-எச்-ஏ-ஒய். மருமகளுக்கு வேலைக்களைப்பு. “ஒவ்வொண்ணையும் இருபது தடவ எழுது, அப்பதான் மண்டையில ஏறும்” என்று சொல்லிவிட்டாள். குழந்தை நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தது. கண் கலங்கியிருந்தது. “தாத்தா, நான் காதுல கேட்ட மாதிரிதான எழுதினேன்? அப்புறம் எப்படித் தப்பாவும்?”

எழுபது வயது தாண்டிய எனக்கு அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏனென்றால் அவள் சொன்னது சரி. அவள் காதில் பிழை இல்லை. மூளையிலும் பிழை இல்லை. கேட்ட ஓசைக்கு ஏற்ற எழுத்தைத் தேடிப்பிடித்து வரிசையாக வைத்திருக்கிறாள். தமிழில் அப்படித்தானே சொல்லிக்கொடுத்தோம்? ‘அம்மா’ என்று சொன்னால் அம்மா என்று எழுது, ‘படம்’ என்று சொன்னால் படம் என்று எழுது. தமிழிலும் ழகர ளகரத் தகராறு, றகர ரகரத் தகராறு உண்டு. ‘வெத்தலை’ என்று பேசிவிட்டு வெற்றிலை என்று எழுதுகிறோம். ஆனாலும் எழுதியிருப்பதைப் பார்த்தால் எப்படி வாசிப்பது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். எழுத்து ஓசைக்கு விசுவாசமாக இருக்கும் என்று நம்பி வளர்கிற பிள்ளை, 26 எழுத்தை வைத்துக்கொண்டு நாற்பதுக்கு மேற்பட்ட ஓசைகளைச் சமாளிக்கிற ஒரு மொழியிடம் போய் மாட்டிக்கொள்கிறது.

நம் புதுச்சேரிக்காரர்களின் காதைப் பற்றி நமக்கே தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரைச் ‘சொல்தா’ என்கிறோம். பிரெஞ்சில் அந்தச் சொல்லின் கடைசியில் ஒரு ‘டி’ உண்டு. பிரெஞ்சுக்காரர் அதை உச்சரிப்பதில்லை, நாமும் எழுதவில்லை. கடற்கரைச் சாலைக்கும் பெரிய மார்க்கெட்டுக்கும் பெயர் கொடுத்த எதுவார் கூபேர் பெயரிலும் கடைசியில் ஒரு ‘டி’ நிற்கிறது. பெயர்ப்பலகையை ஆங்கிலத்தில் வாசிக்கிற வெளியூர்க்காரர்கள் ‘கூபெர்ட்’ என்பார்கள். நம் ஊர்க் காய்கறிக்காரம்மா அந்தப் பலகையைப் பார்த்ததே இல்லை. அவர் சொல்கிற ‘குபேர் அங்காடி’தான் அசல் உச்சரிப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. காதால் கற்றவர்கள் இப்படித்தான். என் பேத்தியும் அந்த வம்சம்தான்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். 1954 நவம்பரில் பிரெஞ்சு ஆட்சி போன பிறகும் பிரெஞ்சு வழிப் பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. எங்களுக்கு டிக்டேஷன் என்பது ‘திக்தே’. வாத்தியார் மேசைக்கு அந்தப்பக்கம் நின்று ஒரு பத்தியை நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். அரையடி உயரத்தில் இருந்து ஊசி விழுந்தாலும் கேட்கும். எங்கள் வகுப்பில் ஐந்து பிழை என்றால் சுழி. நாலு பிழை விட்டவன் தப்பித்தவன்.

பிரெஞ்சும் ஆங்கிலத்துக்குச் சளைத்ததில்லை. பறவைக்கு ‘வாஸோ’ என்று ஒரு சொல். ஓ-ஐ-எஸ்-இ-ஏ-யு என்று ஆறு எழுத்து. அந்த ஆறில் ஒன்றுகூடத் தன் சொந்த ஓசையில் ஒலிக்காது. ‘ஃபாம்’ என்றால் பெண். ‘ஏ’ ஒலிக்கிற இடத்தில் ‘இ’ போட வேண்டும். ‘தாங்’ என்றால் காலம். கடைசியில் பி, எஸ் என்று இரண்டு ஊமைகள் நிற்கும். இதில் பிரெஞ்சுக்காரர்களே தடுமாறியிருக்கிறார்கள். 1857-இல் எழுத்தாளர் ப்ரோஸ்பேர் மெரிமே அரசவையில் ஒரு திக்தே நடத்தினாராம். மூன்றாம் நெப்போலியன் 75 பிழை விட்டார், மகாராணி 62, வெளிநாட்டுத் தூதரான மெட்டர்னிக் மூன்றே மூன்று என்று ஒரு கதை வழங்கிவருகிறது. பேரரசருக்கே 75 என்றால் அரியூர்ப் பையனுக்கு ஐந்து வராதா? இந்தக் கதை அப்போது எனக்குத் தெரியாமல் போயிற்று.

என்னைக் காப்பாற்றியது எங்கள் தெருவில் இருந்த ஒரு சொல்தாத் தாத்தா. இந்தோ-சீனா வரை போய்வந்தவர். திண்ணையில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் என் நோட்டில் இருந்த சுழியைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். “டேய், ஊமை எழுத்துன்னு ஒண்ணு கிடையாது. இந்த வீட்டுல வாயை மூடிக்கிட்டு இருக்கும். சொந்தக்காரன் வீட்டுல போய்ப் பாரு, பேசும்” என்றார். அதற்கு உதாரணமும் சொன்னார். சின்ன என்பதற்குப் ‘பெத்தி’. நம் ஊரில் ‘பெத்தி செமினேர்’ என்று சொல்கிறோமே, அதே ‘பெத்தி’. கடைசி ‘டி’ ஒலிக்காது. பெண்பாலாக்கினால் ‘பெத்தித்’, ‘டி’ வாய் திறந்துவிட்டது. ‘தாங்’ என்பதில் ‘பி’ எதற்கு? தற்காலிகம் என்பதற்குத் ‘தாம்பொரேர்’ என்கிறோமே, அங்கே ‘பி’ ஒலிக்கிறது. ‘ஃபாம்’ என்பதில் ‘இ’ எதற்கு? பெண்பால் என்பதற்கு ‘ஃபெமினேன்’ என்கிறோமே, அங்கே பார். அன்றைக்குப் பிடித்துக்கொண்டேன். பிழைகள் ஒரேயடியாக நிற்கவில்லை. ஆனால் பயம் நின்றுவிட்டது.

இவ்வளவு நல்ல பாடம் கற்ற நான் என் மகனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அதுதான் இந்தக் கட்டுரையின் காரணம்.

அரசு வேலையில் சேர்ந்த புதிதில் ஆங்கிலம் எனக்குப் புதுமொழி. பிரெஞ்சில் முகவரி என்பதற்கு ஒரு ‘டி’ போதும். ஆங்கில ‘அட்ரஸ்’ இரண்டு கேட்கும். என் முதல் கடிதத்தில் ஒரு ‘டி’ போட்டு எழுதினேன். மேலதிகாரி சிவப்பு மையால் வட்டம் போட்டு, எல்லோர் முன்னிலையிலும் காட்டினார். அந்த வட்டம் என் மனதில் பதிந்துவிட்டது. என் பிள்ளைக்கு இந்த அவமானம் வரக்கூடாது என்று முடிவு செய்தேன். எழுத்துப் பிழை எவ்வளவு படுத்தும் என்பதை வேலையிலும் பார்த்தேன். பிரெஞ்சுப் பதிவில் ‘உ’ ஓசைக்கு ஓ-யு என்று இரண்டு எழுத்து. ஆங்கிலத்தில் ஒரு யு. ஒரே முத்துசாமி இரண்டு காகிதத்தில் இரண்டு ஆளாகிவிடுவார். அந்த ஓர் ‘ஓ’ எழுத்துக்காக நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்க அலைந்த கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே மகன் இரண்டாம் வகுப்பு வந்ததும் நானே வாத்தியார் ஆனேன். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் இருபது சொல். நான் படித்த பள்ளியின் கணக்கே என் வீட்டிலும்: ஐந்து பிழைக்குச் சுழி. கையில் மர ஸ்கேல். பிழை விட்ட சொல்லை ஐம்பது தடவை எழுத வேண்டும். அவன் அதை எப்படி எழுதினான் என்று பிறகுதான் கவனித்தேன். முதலில் எஸ், எஸ், எஸ் என்று பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை ஒரு வரிசை. அப்புறம் ஏ, ஏ, ஏ என்று அடுத்த வரிசை. ஐம்பது முறையும் எழுதி முடித்தான். ஒருமுறைகூட அந்தச் சொல்லை எழுதவில்லை! நம்மில் பலர் தண்டனைப் பாடத்தை அப்படித்தான் எழுதியிருப்போம். நானோ அதற்கும் ஓர் அடி கொடுத்தேன்.

அவன் கெட்டிக்காரன். கணக்கில் நல்ல மதிப்பெண். இன்றைக்கு நல்ல வேலையில் இருக்கிறான். ஆனால் ஓர் ஆங்கிலக் கடிதம் எழுத வேண்டும் என்றால் இன்றும் தட்டிக்கழிப்பான். பிழை வந்துவிடுமோ என்ற கூச்சம். தெரிந்த பெரிய சொல்லை விட்டுவிட்டு, பிழை வராத சின்னச் சொல்லாகத் தேடி எழுதுவான். பிள்ளையைப் பிழையிலிருந்து காப்பாற்றப் போய் எழுத்திலிருந்தே விரட்டிவிட்டேன் என்று புரிய எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அன்றைக்குப் பேத்தி கலங்கிய கண்ணோடு நோட்டை நீட்டியபோது அந்த மர ஸ்கேல்தான் ஞாபகம் வந்தது.

சரி, இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். என் வயதுக்காரர்கள் பலர் வீட்டிலும் பேரப்பிள்ளைகளின் சாயங்காலப் பாடம் நம் தலையில்தான் விழுகிறது. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள். நம் அரசுப் பள்ளிகளும் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. பிள்ளைக்கு ஆங்கிலம் முதல் நாளிலிருந்தே. எனவே இது வீண்பேச்சு இல்லை என்று நினைக்கிறேன்.

முதல் வேலை, பத்துச் சொல்லையும் பார்த்துப் பிரிப்பது. எல்லாச் சொல்லும் முரண்டு பிடிப்பதில்லை. அமெரிக்காவில் எட்வர்ட் டால்ச் என்பவர் 1936-இல், சிறுபிள்ளைகள் வாசிப்பில் அடிக்கடி எதிர்ப்படுகிற 220 சொற்களைப் பட்டியல் போட்டார். இன்றைக்கும் பள்ளிகள் தருகிற சொற்பட்டியல்கள் பலவற்றுக்கு அதுதான் தாய். அதிலேயே ‘பிக்’, ‘ரன்’, ‘ஹெல்ப்’, ‘ஜம்ப்’ என்று கேட்டபடியே எழுதுகிற சொற்கள் நிறைய இருக்கின்றன. அவற்றைக் குழந்தை தானாகவே எழுதட்டும். பத்தில் நாலோ ஐந்தோதான் முரட்டுச் சொல். பத்து எதிரி என்று நினைத்த பிள்ளைக்கு நாலுதான் என்று காட்டினாலே பாதி மூச்சு வந்துவிடும்.

அடுத்தது, முரட்டுச் சொல்லிலும் முரட்டு இடம் எது என்று பார்ப்பது. ‘செட்’ என்பதில் முதல் எஸ் ஒழுங்கான பிள்ளை. கடைசி டி ஒழுங்கான பிள்ளை. நடுவில் இருக்கிற ஏ-ஐ மட்டும்தான் குறும்பு செய்கிறது. அந்த இடத்தில் சிவப்புக் கலர் பென்சிலால் வட்டம் போடச் சொல்வேன். என் மேலதிகாரி போட்ட அதே சிவப்பு வட்டம்தான். ஆனால் இதைப் போடுவது குழந்தை, போடுவது சொல்லின் மேல். லின்னியா ஏரி என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் இதை வெகுகாலம் ஆராய்ந்தவர். (பெயரைப் படித்ததும் எனக்குப் பாகூர் ஏரி ஞாபகம் வந்தது.) பிள்ளைகள் ஒரு சொல்லைப் படம்போல மனதில் ஒட்டிக்கொள்வதில்லை, ஒவ்வோர் ஓசையையும் அதற்குரிய எழுத்தோடு முடிச்சுப் போட்டுத்தான் வைத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் கண்டது. அப்படியென்றால் முடிச்சு விழாத இடத்தை மட்டும் காட்டினால் போதும். முழுச் சொல்லையும் இருபது தடவை எழுதவைப்பது, ஓர் ஓடு உடைந்ததற்குக் கூரை முழுவதையும் பிரிப்பது போல.

மூன்றாவது, நம் தமிழையே துணைக்கு அழைப்பது. எழுதியிருப்பதை எழுதியபடியே தமிழ்போல வாசித்துப் பார்ப்போம். புதன்கிழமையை ‘வெட்-நெஸ்-டே’ என்போம். நண்பன் ‘ஃப்ரி-எண்ட்’. கத்தி ‘க்னைஃப்’. பேத்திக்கு இது பெரிய வேடிக்கை. “உனக்கு வீட்டுல ஒரு பேரு, பள்ளிக்கூடத்துல ஒரு பேரு இருக்குல்ல? அது மாதிரி ‘வெட்நெஸ்டே’ங்கறது வீட்டுப் பேரு. எழுதும்போது வீட்டுப் பேரச் சொல்லிக்கிட்டே எழுது. வெளியில பேசும்போது பள்ளிக்கூடத்துப் பேரு” என்றேன். பிடித்துக்கொண்டாள். உச்சரிப்புக் கெட்டுப்போகாதா என்று மருமகள் கேட்டாள். நியாயமான கேள்வி. வீட்டுப் பெயரைச் சொன்ன கையோடு ஒவ்வொரு தடவையும் சரியான உச்சரிப்பையும் சொல்லவைக்கிறேன். வீட்டில் ‘குட்டி’ என்று கூப்பிடுவதால் எந்தக் குழந்தையும் பள்ளியில் தன் பெயரை மறந்துவிடுவதில்லை.

நான்காவது, சொல்தாத் தாத்தா சொன்ன சொந்தக்காரர் வீடு. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ‘டூ’ என்கிற இரண்டில் டபிள்யூ எதற்கு? இரட்டையர் ‘ட்வின்’, இரண்டு தடவை ‘ட்வைஸ்’, பன்னிரண்டு ‘ட்வெல்வ்’, இருபது ‘ட்வென்ட்டி’ — இந்த வீடுகளில் எல்லாம் அந்த டபிள்யூ வாய் திறந்து பேசுகிறது. ‘ஒன்’ என்பதில் ஓ எதற்கு? தனியாக என்கிற ‘அலோன்’, மட்டும் என்கிற ‘ஒன்லி’ இரண்டும் அதன் பங்காளிகள். அங்கே ஓ ஒலிக்கிறது. ‘செட்’ என்பது ‘சே’ என்பதன் பிள்ளை. ‘பே’ என்பது ‘பெய்டு’ ஆவதுபோலத்தான் எழுத்து; ஒலிதான் மாறிவிட்டது. இங்கே, அங்கே, எங்கே என்ற மூன்று ஆங்கிலச் சொற்களுக்குள்ளும் ‘இங்கே’ என்பதன் நாலு எழுத்தும் அப்படியே ஒளிந்திருக்கின்றன. பேத்தி அதைக் கண்டுபிடித்தபோது கைதட்டினாள்.

கிளார்க்காக இருந்த எனக்கும் இதில் லாபம். கடன் என்கிற ‘டெட்’ சொல்லில் ‘பி’ ஏன் என்று பல வருஷம் யோசித்ததுண்டு. ஆங்கிலேயர் அதைப் பிரெஞ்சிலிருந்து ‘பி’ இல்லாமல்தான் வாங்கினார்கள். பிறகு படித்தவர்கள் லத்தீன் மூலத்தைக் காட்டவேண்டும் என்று ஒரு ‘பி’யை நடுவில் செருகினார்கள். லெட்ஜரில் பற்று என்று எழுதுகிறோமே ‘டெபிட்’, அந்த ‘பி’தான் அது. ‘ரிசீட்’ என்பதில் ஊமையாக இருக்கிற ‘பி’ ‘ரிசெப்ஷன்’ மேசையில் பேசும். ‘சைன்’ போடும்போது மௌனமாக இருக்கிற ‘ஜி’ ‘சிக்னேச்சர்’ என்றால் ஒலிக்கும். முப்பத்தைந்து வருஷம் கையெழுத்து வாங்கிப் பிழைத்த எனக்கு இது யாரும் சொல்லித்தரவில்லை.

எல்லாச் சொல்லுக்கும் சொந்தக்காரர் கிடைக்கமாட்டார். அங்கே கதைதான் கைகொடுக்கும். ‘க்னைஃப்’ என்பதில் இருக்கிற ‘கே’ ஒரு காலத்தில் வாய்விட்டு ஒலித்ததுதான். வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்தில் முதல் அச்சகம் வைத்தார். எழுத்துக்கள் மெல்ல அச்சில் உறைந்தன. பேச்சு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ‘கே’ அப்படித் தங்கிப்போன ஒன்று. அதே வேரில் வந்த பிரெஞ்சுச் சொல் ‘கனிஃப்’. நாங்கள் பள்ளியில் பென்சில் சீவிய சின்ன மடக்குக்கத்திக்கு அதுதான் பெயர். அங்கே ‘க’ இன்றைக்கும் ஒலிக்கிறது. பேத்தி சாப்பிடுகிற ‘பிஸ்கட்’ சொல்லில் யு-ஐ என்று இரண்டு எழுத்து இடிக்கும். பிரெஞ்சில் அது ‘பிஸ்குயி’. யு-வும் ஐ-யும் நன்றாகவே கேட்கும். இரண்டு தடவை வெந்தது என்று பொருள். இந்தக் கதையைச் சொன்ன நாளிலிருந்து அவள் அந்தச் சொல்லில் பிழை விட்டதில்லை. பாக்கெட்டைப் பிரிக்கும்போதெல்லாம் ‘பிஸ்குயி’ என்று ஒரு தடவை சொல்லிக்கொள்கிறாள்.

வில்லியனூர்த் தேரோட்டத்தில் கவர்னர் வந்து வடம்பிடிப்பது பிரெஞ்சுக் காலத்திலிருந்து வருகிற வழக்கம் அல்லவா? பேனரில் இருக்கிற ‘லெஃப்டினன்ட் கவர்னர்’ என்பதைக் காட்டி, “இதுல எங்க தாத்தா ‘எஃப்’ இருக்கு?” என்று கேட்டாள். இல்லைதான். பிரெஞ்சில் ‘லியு’ என்றால் இடம். ‘தெனான்’ என்றால் வகிக்கிறவர். இன்னொருவர் இடத்தை வகிக்கிறவர். தமிழில் துணைநிலை ஆளுநர். எஃப் ஒலி ஆங்கிலேயர் வாயில் எப்படியோ நுழைந்தது. அமெரிக்கர்கள் அது இல்லாமல்தான் சொல்கிறார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தச் சொல் தேவையில்லை. ஆனால் சொற்களைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம், பெரியவர்களும் அதற்கு யோசித்துத்தான் பதில் சொல்வார்கள் என்பது தேவை.

அப்புறம் பயிற்சி. இது இல்லாமல் கதை மட்டும் போதாது. ஒருநாளைக்கு மூன்று முரட்டுச் சொல், பத்து நிமிஷம். சொல்லைப் பார்க்கிறாள், கையால் மூடுகிறாள், எழுதுகிறாள், கையை எடுத்துத் தானே ஒப்பிட்டுப் பார்க்கிறாள். திருத்துவது அவள்தான், நானில்லை. இதற்கு வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் யாரும் இருக்க வேண்டியதுகூட இல்லை. எங்கள் வீட்டம்மா ஐந்தாவது வரை தமிழில் படித்தவர். நான் வெளியூர் போனால் ஆயாவும் பேத்தியும் சேர்ந்து உட்கார்ந்து எழுத்து எழுத்தாக ஒத்துப்பார்க்கிறார்கள். அரிசியில் கல் பொறுக்கினவர் கண். ஒரு எழுத்து மாறினாலும் சிக்கிவிடும்.

படித்த சொல்லை அதோடு விட்டுவிடக் கூடாது. ஆபீஸில் பதில் வராத கடிதத்துக்கு முதல் நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு என்று போடுவோமே, அந்த முறைதான். இன்று கற்ற சொல்லை நாளை ஒருமுறை கேட்பேன். மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை. ஒரே ராத்திரியில் இருபது தடவை எழுதுவதைவிட நாலு வெவ்வேறு நாளில் நாலே தடவை நினைவிலிருந்து எழுதுவது நன்றாகத் தங்குகிறது. நினைவு பற்றி ஆராய்ந்த ஜெர்மானியர் எபிங்ஹவுஸ் 1885-லேயே இதைத் தன் மேல் சோதித்துப் பார்த்து எழுதிவிட்டார். எனக்குத்தான் செய்தி தாமதமாக வந்து சேர்ந்தது.

மதிப்பெண் போடுகிற விதத்தையும் மாற்றிக்கொண்டேன். ‘தே’ என்பதை டி-எச்-ஏ-ஒய் என்று எழுதினால் முன்பு அது ஒரு தப்பு. இப்போது நாலில் மூன்று சரி. உண்மையும் அதுதானே? ஒரு எழுத்துத்தான் மாறியிருக்கிறது. “மூணு எழுத்து சரியா பிடிச்சிட்ட, நாலாவது எங்க ஒளிஞ்சிருக்கு?” என்று கேட்டால் பிள்ளை தேடுகிறது. தப்பு என்றால் அழுகிறது.

“போன்ல தானா திருத்திக்குதே, இதெல்லாம் எதுக்கு?” என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். போன் திருத்தும். ஆனால் நாம் எழுதினது கிட்டத்தட்டச் சரியாக இருந்தால்தான் அதற்கு ஊகிக்க முடியும். ‘தேர்’ என்று ஒலிக்கிற சொல்லில் ‘அங்கே’ ஒன்று, ‘அவர்களுடைய’ ஒன்று. இரண்டும் சரியான எழுத்துத்தான். மாற்றிப் போட்டால் போன் பல நேரம் பேசாமல் விட்டுவிடும். அதைவிட முக்கியம், எழுத்து தடங்கல் இல்லாமல் வந்தால்தான் பிள்ளையின் மனம் சொல்ல வந்த விஷயத்தில் நிற்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தால் சொல்ல வந்தது போய்விடும். என் மகனுக்கு நடந்தது அதுதான்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தும், எட்டு ஒன்பது வயதாகியும், எளிய சொற்களைக்கூட வாசிக்கவும் எழுதவும் ஒரு பிள்ளை மிகவும் திணறினால், தமிழிலும் அதே திணறல் இருந்தால், அதைச் சோம்பல் என்று முடிவுகட்டாதீர்கள். டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட்டு, உரிய நிபுணரிடம் காட்டுங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்கென்றே வெகுகாலமாக இயங்கிவருகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் கற்றல் குறைபாடு இடம்பெற்றிருக்கிறது. நம் காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேரை ‘மக்கு’ என்று சொல்லிக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினோமோ!

போன திங்கட்கிழமை பேத்திக்குப் பத்துக்கு எட்டு. ‘தே’ இன்னும் வசப்படவில்லை; மறுபடியும் ‘ஏ’ போட்டுவிட்டு வந்திருக்கிறாள். “தாத்தா, அது ரொம்ப முரட்டுச் சொல்லு. அதுக்கு மூணாவது நினைவூட்டு போடணும்” என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

அன்று ராத்திரி மகன் வேலை முடிந்து வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் ‘க்னைஃப்’ என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் வாசற்படியிலேயே நின்று பார்த்தான். “எனக்கு மட்டும் ஏம்ப்பா இப்படிச் சொல்லித் தரல?” என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டான். “அப்ப எனக்குத் தெரியலடா” என்றேன். அது முழு உண்மை இல்லை. சொல்தாத் தாத்தா சொன்னது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் பிள்ளைக்குக் கொடுக்கும்போது அவர் திண்ணையை விட்டுவிட்டு வாத்தியாரின் மேசையை எடுத்துக்கொண்டேன்.

அதை அவனிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை. நான் எழுதுவதையெல்லாம் அவன் படிக்கிறான். இதையும் படிப்பான்.